உன் கோட்டு எங்கே என்று கேட்டிருந்தாய்

வெட்டிவிட்டேன், ஸ்தெபான்.
முயல்தோல் வைத்துத் தைத்த முதுகுப்பக்கம்
ஆலாவின் மடிக்கு.
கைகள் இரண்டும்
தொழுவத்துக் கதவிடுக்கில்.
காலர் மட்டும் மிச்சமிருக்கிறது,
வேண்டுமானால் தபாலில் போடுகிறேன்.

சிரிக்காதே.
பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு.
தண்ணீர் குடிக்க
ஆற்றில் வெட்டிய துளைவரை நடக்கவேண்டும் அவை.
போன வருடம் காம்பு வெடித்து
கறக்கக் கறக்கப் பாலில் சிவப்பு ஓடியதே,
மறந்திருக்க மாட்டாய்.
நாலு நாடா, முதுகுக்கு மேலே ஒரு முடிச்சு.
முதல் நாள் உதைத்தாள்.
மறுநாள் நான் நாடாவோடு வருவதைப் பார்த்ததும்
காலை அகட்டி நின்றாள்
கல்யாணத்துக்கு அளவு கொடுக்கிறவள் மாதிரி.
கபித்தோலினா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்:
ஒக்டியாப்ரினா புருஷனை
மாட்டு மடியில் கட்டித் தொங்கவிட்டாள் என்று.
சொல்லிவிட்டு
இருட்டியபின் அவளே வந்தாள்,
தைக்கிற அளவு கேட்டு.

சாணி இந்த வருடம் தனியாகவே பூசினேன்.
அக்டோபர் கடைசி.
சுவரில் அறைந்தால்
வழிவதற்குள் உறைந்துபோகிற அந்த ஒரு வாரம்.
கோடையில் தின்ற புல்லையே
குளிருக்குச் சுவராகப் போட்டுக்கொள்கிற பிராணி
இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.
வெளியிலிருந்து பார்த்தால் அசிங்கம்.
உள்ளே அடுப்பு கிடையாது,
தலை இடிக்கிற கூரை,
அதற்குக் கீழே நான்கு மாடுகளின் மூச்சு.
கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கறக்கிறேன்.
கதவைத் திறந்தால்
மூட்டை அவிழ்ந்த பஞ்சாக ஆவி
முற்றத்தில் உருள்கிறது.

குதிரைகளைப் பற்றி நீ கேட்கவில்லை.
என்றைக்குக் கேட்டாய்.
அவை வெளியேதான்,
பனியைக் குளம்பால் கிளறிப் புல் தேடிக்கொண்டு.
முதுகில் விழுந்த பனி
விழுந்தபடியே கிடக்கிறது.
உருகினால்தான் கவலை,
உடம்புச் சூடு வெளியே கசிகிறது என்று பொருள்.
என்னைப் பார்க்கிறவர்களும் சொல்கிறார்கள்
இவள் முகத்தில் ஒன்றும் உருகவில்லையே என்று.

காற்றுத் துளை திறந்திருக்கிறது.

இதை எழுதுவதா வேண்டாமா என்று
இரண்டு நாள் காகிதத்தை மடித்து வைத்தேன்.
புத்தாண்டு இரவு அது.
கன்று நடுங்குகிறது என்று நீ எழுந்துபோனாய்,
என் பழைய பாவாடையைச் சுருட்டித்
துளையில் திணித்தாய்.
இரக்கம்தான். வேறென்ன சொல்ல.
விடிந்தபோது சுவரெல்லாம் வியர்த்திருந்தது.
கூரை சொட்டிற்று.
படுக்கைப் புல் பிழிந்தால் நீர்.
குளிர் கொல்லாது, ஈரம்தான் கொல்லும் என்று
மாட்டு டாக்டர் சொன்னபோது
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய்.
ஆறாம் நாள் கன்று இருமுவதை நிறுத்திற்று.
நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பனி விலகும்வரை
ஒரு வார்த்தையும்.

அதுதான் நான் அடைத்த கந்தல் என்று
இப்போது தோன்றுகிறது.

நேற்றிரவு கறுப்பி ஈன்றாள். கிடாரி.
நாக்கால் நக்க அவளுக்குப் பாதி,
காய்ந்த புல்லால் தேய்க்க எனக்குப் பாதி.
முதலில் காது,
காது நுனிதான் முதலில் உறையும்.
சமையலறையில் கிடக்கிறது இப்போது,
சீம்பால் குடித்த வாயால்
மேசைக்காலைச் சப்பிக்கொண்டு.

மேலே எழுதியதில் ஒன்றை அடித்துவிடு.
காலரும் இல்லை.
இரண்டு காதுக்கும் இரண்டு உறை,
இப்போதுதான் நூலைக் கடித்தேன்.

ஆறு நன்றாக இறுகிவிட்டது,
லாரிகள் அதன்மேல் வருகின்றன.
வருவதானால்
வேறு கோட்டு போட்டுக்கொண்டு வா.